பிரேக்கை மிதிக்காமல் கார் ஏன் ஸ்டார்ட் ஆவதில்லை? - பெடலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பூட்டு

காலை 8.40 மணி. அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்ட் பார்க்கிங். சாவி பாக்கெட்டில் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிகிறது, ஏசி ஃபேன் சுற்றுகிறது, எஃப்.எம். பாடுகிறது. இன்ஜின் மட்டும் அசையவில்லை. ‘பிரேக் பெடலை மிதித்து ஸ்டார்ட் செய்யவும்’ என்கிறது திரை. கால் பெடலின் மேல்தான் இருக்கிறது. மீண்டும் அழுத்தினாலும் அதே வாசகம்தான்.

பக்கத்துத் தெரு மெக்கானிக் வருகிறார். டேஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்க்கிறார். “பேட்டரி நல்லாத்தான் இருக்கு சார். பிரேக் சுவிட்ச்தான் மக்கர் பண்ணுது. இப்போதைக்கு டைரக்ட் குடுத்துடறேன். ஆபீஸ் போயிட்டு வாங்க, பொறவு பாத்துக்கலாம்.” ஒரு துண்டு ஒயர், கொஞ்சம் இன்சுலேஷன் டேப். கார் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. அந்தப் ‘பொறவு’ பெரும்பாலும் வருவதே இல்லை.

கார் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. காலை வைத்திருப்பவருக்குத் தெரிகிறது, காருக்குத் தெரியவில்லை. காருக்குத் தெரியப்படுத்த வேண்டிய பாகம்தான் கெட்டிருக்கிறது. ‘டைரக்ட்’ செய்வது அந்தப் பாகத்தைச் சரிசெய்வதில்லை. கால் எப்போதும் பிரேக்கில் இருப்பதாகக் காரிடம் நிரந்தரமாகப் பொய் சொல்லி வைப்பது. அந்தப் பொய்யால் என்ன ஆகும் என்று பார்க்க, பெடலுக்குப் பின்னால் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும்.

பெடல் செய்யும் இரண்டு வேலைகள்

பிரேக் பெடல் என்பது ஒரு நெம்புகோல். டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு பிராக்கெட்டில், மேல்முனையில் ஒரு போல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சல் மாதிரி தொங்குகிறது. அதன் நடுப்பகுதிக்குச் சற்று மேலே ஒரு கம்பி இணைந்திருக்கும். அதுதான் புஷ் ராடு. காலால் அழுத்தும் விசையைப் பெடல் பல மடங்காக்கி அந்தக் கம்பிக்குக் கொடுக்கும். 4 மடங்கு என்று வைத்துக்கொண்டால், 10 கிலோ விசையில் மிதித்தால் கம்பியில் 40 கிலோ. அதற்குப் பிறகு வேக்குவம் பூஸ்டர் அதை இன்னும் பெருக்கி மாஸ்டர் சிலிண்டருக்குத் தள்ளும். அங்கிருந்து பிரேக் ஆயில் அழுத்தமாக நான்கு சக்கரங்களுக்கும் போகும். வண்டியை நிறுத்தும் இந்த வேலை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இன்னொரு வேலை, தகவல் சொல்வது. பெடலின் கைப்பகுதியை ஒட்டி, பிராக்கெட்டில் விரல் அளவுக்கு ஒரு சுவிட்ச் பொருத்தப்பட்டிருக்கும். அதன் முனையில் பால்பாயின்ட் பேனாவின் பட்டன் போல ஒரு சின்னக் குமிழ். பெடல் சும்மா இருக்கும்போது அது இந்தக் குமிழை உள்ளே தள்ளி வைத்திருக்கும். காலை வைத்ததும் பெடல் விலகும், குமிழ் வெளியே வரும், சர்க்யூட் இணையும், பின்னால் சிவப்பு விளக்கு எரியும். பழைய அம்பாஸடர் காலத்தில் பிரேக் லைட் சுவிட்சுக்கு அந்த விளக்கை எரிய வைப்பதோடு வேலை முடிந்தது.

இன்றைய காரில் அதே சுவிட்சின் சொல்லைக் கேட்க ஒரு கூட்டமே காத்திருக்கிறது. இன்ஜினின் கணினி, ஏபிஎஸ், க்ரூஸ் கண்ட்ரோல், கியர் லீவரின் பூட்டு, பட்டன் ஸ்டார்ட். இத்தனை பேர் நம்புவதால் சுவிட்சுக்குள் பெரும்பாலும் இரண்டு சர்க்யூட்கள் இருக்கும். ஒன்று மிதித்தால் இணையும், மற்றொன்று மிதித்தால் துண்டிக்கும். இரண்டும் எப்போதும் எதிரெதிராகவே பேச வேண்டும். ஒரே பதிலைச் சொன்னால் ஏதோ தப்பு என்று கணினி புரிந்துகொள்ளும். ஸ்கேனர் போட்டால் பி0504 அல்லது பி0571 என்ற கோடு வருவது இப்படித்தான். புதிய கார்கள் சிலவற்றில் குமிழுக்குப் பதிலாகக் காந்தப்புலத்தை உணரும் சென்சார் இருக்கிறது. அதன் வேலையும் இதுதான்.

ஸ்டார்ட்டருக்கு ஏன் இத்தனை காவல்?

ஸ்டார்ட்டர் மோட்டார் என்பது இன்ஜினைச் சுற்றிவிடும் சின்ன மோட்டார்தானே, அதற்கு எதற்கு அனுமதி, கட்டுப்பாடு எல்லாம் என்று தோன்றலாம். அதன் பலம் சாதாரணமானது அல்ல. இன்ஜினைச் சுற்றும்போது பேட்டரியிலிருந்து 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கியர் விழுந்த நிலையில், கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பினால் அந்த மோட்டார் ஒன்றே காரை உலுக்கி நகர்த்திவிடும். பழைய வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும். நடுரோட்டில் பெட்ரோல் தீர்ந்தபோது முதல் கியரைப் போட்டு செல்ஃப் அடித்தே ஓரங்கட்டியவர்கள் உண்டு.

ஒரு அடி நகர்வதோடு முடிந்தால் பரவாயில்லை. இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்ஷன் இன்ஜின்கள் அரைச் சுற்று, ஒரு சுற்றிலேயே பற்றிக்கொள்ளும். அப்போது காரை நகர்த்துவது ஸ்டார்ட்டர் அல்ல, இன்ஜின். முன்னால் சுவரோ, கேட்டைத் திறக்கும் ஆளோ இருந்தால் யோசிக்க நேரம் கிடையாது.

இதைத் தடுக்கும் ஏற்பாட்டுக்குத்தான் இன்டர்லாக் என்று பெயர். ஒன்று நடந்தால்தான் அடுத்தது நடக்கும் என்ற நிபந்தனைப் பூட்டு. கதவு சரியாக மூடாவிட்டால் லிஃப்ட் நகராது அல்லவா, அதே தத்துவம்தான். ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிளில் இந்தப் பூட்டு இருக்காது. ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்லும் மெல்லிய ஒயரில், ரிலேயின் கட்டளைப் பாதையில் இருக்கும். அந்தப் பாதையில் வரிசையாக நிற்கும் சுவிட்சுகளில் ஒன்று ‘சரி’ சொல்லாவிட்டாலும் மோட்டாருக்கு உத்தரவு போகாது.

மேனுவல் காரில் கேட்கப்படுவது கிளட்ச். மிதித்திருந்தால் கியரில் இருந்தாலும் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு இல்லை என்று பொருள். ஆட்டோமேட்டிக் காரில் கியர்பாக்ஸிலேயே ஒரு சுவிட்ச் இருக்கும். ‘பி’ அல்லது ‘என்’ நிலையில் மட்டுமே அது ஸ்டார்ட்டருக்கு வழிவிடும். பட்டன் ஸ்டார்ட் வந்த பிறகு அதோடு பிரேக்கும் சேர்ந்துகொண்டது. சாவியைத் திருப்ப மணிக்கட்டு வேண்டும். பட்டனை அழுத்த மடியில் உட்கார்ந்த மூன்று வயதுக் குழந்தையின் விரல் போதும். பிரேக்கையும் மிதித்தால்தான் என்ற நிபந்தனையால், ஓட்டுநர் இருக்கையில் கால் எட்டும் ஒருவர் இருக்கிறார் என்பதும் உறுதியாகிறது.

இதையெல்லாம் காரில்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. பிரேக் லிவரைப் பிடிக்காமல் ஸ்கூட்டரில் செல்ஃப் அடித்தால் வேலை செய்யாது. தினமும் செய்வதால் யாரும் காரணம் கேட்பதில்லை. கியர் இல்லாத ஸ்கூட்டரில் ஆக்ஸிலரேட்டர் முறுக்கியபடி ஸ்டார்ட் ஆனால் வண்டி ஆளை இழுத்துக்கொண்டு பாயும். அதற்காகத்தான் பிரேக் கேட்கிறது. சைடு ஸ்டாண்டு போட்டிருந்தால் ஓடாத இன்ஜினும் இந்தக் குடும்பம்தான். எலெக்ட்ரிக் காரில் ஸ்டார்ட்டரே கிடையாது. ஆனாலும் பிரேக்கை மிதித்தால்தான் அது ‘ரெடி’ ஆகும். சத்தமே இல்லாமல் கிளம்பத் தயாராக நிற்கும் வண்டிக்கு இந்தப் பூட்டு இன்னும் அதிகம் தேவை.

ஒரு கார் நிறுவனம் கற்றுக்கொண்ட பாடம்

அமெரிக்காவில் ஆட்டோமேட்டிக் கார் கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகக்கூடாது என்ற விதி 1968 முதல் இருக்கிறது. ஆனால் ‘பி’யிலிருந்து கியரை மாற்ற பிரேக்கை மிதித்தே ஆக வேண்டும் என்ற பூட்டு அப்போது கிடையாது. ஸ்டார்ட் செய்துவிட்டு, காலை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொண்டு ‘டி’க்கோ ‘ஆர்’க்கோ போகலாம்.

1980-களில் ஆடி 5000 என்ற கார் தானாகப் பாய்வதாக அங்கே புகார்கள் குவிந்தன. நிறுத்தி வைத்த இடத்திலிருந்து கியர் போட்டதும் கார் சீறிக் கிளம்பியது, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தும் நிற்கவில்லை என்றார்கள். 1986 நவம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சி இதை ஒளிபரப்பியது. ஆடியின் அமெரிக்க விற்பனை சரிந்தது. 1985-ல் ஆண்டுக்கு 74 ஆயிரம் கார்களாக இருந்தது, 1991-ல் 12 ஆயிரம்.

அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்து 1989-ல் அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலான சம்பவங்களில் ஓட்டுநர் மிதித்தது பிரேக்கை அல்ல, ஆக்ஸிலரேட்டரை என்பது அதன் முடிவு. ஐடிலிங் வேகத்தைச் சீராக்கும் பாகத்தில் இருந்த கோளாறு இன்ஜினைத் திடீரென உறுமச் செய்து ஓட்டுநரைத் திடுக்கிட வைத்திருக்கலாம்; பெடல்கள் அமைந்திருந்த விதமும் கால் குழம்பக் காரணமாகியிருக்கலாம் என்றும் அது பேசியது. திடுக்கிட்ட மனிதர் பிரேக்கை இன்னும் அழுத்துவதாக நினைத்து ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்துகிறார். வண்டி இன்னும் வேகமெடுக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. பிரேக்கைத்தான் மிதித்தேன் என்று உண்மையாகவே நம்புகிறார்.

நிறுவனம் பொருத்திய தீர்வு எளிமையானது. பிரேக்கை மிதித்தால் மட்டுமே ‘பி’யிலிருந்து லீவர் நகரும். கால் எந்தப் பெடலில் இருக்கிறது என்பதை, வண்டி நகரும் முன்பே சரிபார்த்துவிடுகிறது அந்தப் பூட்டு. தப்பான பெடலில் இருந்தால் லீவர் அசையாது. அது பொருத்தப்பட்ட பிறகு புகார்கள் வெகுவாகக் குறைந்தன. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. நிறுத்தி வைத்த காரில் விளையாடும் குழந்தைகள் லீவரை இழுத்து, கார் உருண்டு நடக்கும் விபத்துகளும் சேர்ந்துகொள்ள, 2010 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் இந்தப் பூட்டு கட்டாயமாகிவிட்டது. ஜப்பான் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பெடல் மாறி மிதித்தாலும் கார் பாயாமல் தடுக்கும் கருவியை 2028 செப்டம்பர் முதல் புதிய ஆட்டோமேட்டிக் கார்களில் கட்டாயமாக்க முடிவெடுத்திருக்கிறது.

இந்தியாவில் 2014-ல் மாருதி செலேரியோ மூலம் ஏஎம்டி வந்த பிறகுதான் கிளட்ச் இல்லாத கார் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டும் விலைக்கு இறங்கியது. மூன்று பெடலில் பழகிய கால்கள் இரண்டு பெடலுக்கு மாறிக்கொண்டிருக்கும் ஊர் இது. இங்கே போய் அந்தப் பூட்டை ஒயர் போட்டு மூடுவது எப்படிப்பட்ட யோசனை என்று சொல்லத் தேவையில்லை.

சுண்டைக்காய் அளவு ரப்பர்

சுவிட்ச் கெடுவதற்குச் சமமாக இன்னொரு சின்னப் பொருளும் தொல்லை தரும். பெடலின் கைப்பகுதியில், சுவிட்சின் குமிழ் வந்து முட்டும் இடத்தில், பல கார்களில் ஒரு ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ ஆன ஒரு குமிழ்முனை செருகப்பட்டிருக்கும். ஸ்டாப்பர் பேட் என்பார்கள். வருடக்கணக்கில் வெயிலில் நின்ற காரில் அது காய்ந்து, ஒருநாள் பொடிந்து மிதியடியில் விழும். ஏதோ பிஸ்கட் துணுக்கு என்று பெருக்கித் தள்ளிவிடுவார்கள்.

அது போனதும் சுவிட்சின் குமிழ் அந்த ஓட்டை வழியாக நீண்டுவிடும். அதை உள்ளே தள்ளி வைக்க எதுவும் இல்லை. விளைவு, கால் வைக்காமலே கால் இருப்பதாகக் கார் நினைக்கிறது. பிரேக் லைட் இரவெல்லாம் எரிந்து காலையில் பேட்டரி படுத்துவிடும். க்ரூஸ் கண்ட்ரோல் வேலை செய்யாது. முக்கியமாக, பிரேக்கைத் தொடாமலே லீவர் ‘பி’யிலிருந்து நகரும், பட்டனை அழுத்தினாலே இன்ஜின் ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக் ஒயர் போட்டு என்ன செய்கிறாரோ, அதை இந்த ரப்பர் தானாகவே செய்துவிடுகிறது. பின்னால் வருபவருக்கு வேறு ஆபத்து. எப்போதும் எரியும் பிரேக் லைட் எந்தத் தகவலையும் சொல்வதில்லை.

இது எங்கோ ஒரு காரில் நடப்பதல்ல. அமெரிக்காவில் விற்ற 2011, 2012 மாடல் ஹூண்டாய் சொனாட்டா கார்கள் சுமார் 3 லட்சம் இந்த ஸ்டாப்பருக்காகவே திரும்ப அழைக்கப்பட்டன. அதற்கு முன் 2013-ல் பிரேக் சுவிட்ச் கோளாறுக்காக ஹூண்டாய், கியா இரண்டும் சேர்ந்து அந்த நாட்டில் மட்டும் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தன. விளக்கு எரியாமல் போகலாம், க்ரூஸ் கண்ட்ரோல் துண்டிக்காமல் போகலாம், பட்டன் ஸ்டார்ட் மக்கர் செய்யலாம் என்பவை அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் சில. ஒரு சுவிட்சுக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க ஸ்கேனர்கூடத் தேவையில்லை. காரைச் சுவருக்கு முதுகு காட்டி நிறுத்தியிருந்தால் கண்ணாடியிலேயே தெரியும். மிதிக்கும்போது சுவரில் சிவப்பு விழுகிறது என்றால் சுவிட்சில் விளக்குக்கான பாதியாவது உயிரோடு இருக்கிறது. மிதித்தும் சிவப்பு இல்லை என்றால் ஃப்யூஸ் அல்லது சுவிட்ச். மிதிக்காமலே சிவப்பு என்றால் ஸ்டாப்பர். இன்னொன்றும் உண்டு. இன்ஜின் ஓடாதபோது பெடலை நாலைந்து முறை மிதித்தால் பூஸ்டரில் மிச்சமிருந்த வேக்குவம் தீர்ந்து பெடல் கல் மாதிரி ஆகிவிடும். சில கார்களில் அந்த நிலையில் லேசாக மிதித்தால் சென்சாருக்கு எட்டாது. ரிப்பேர் என்று பயப்படாமல், பலமாக ஒரு மிதி மிதித்துப் பட்டனை அழுத்தினாலே போதும்.

பெடலையே மாற்ற நேர்ந்தால்...

பிரேக் பெடல் அடிக்கடி மாற்றும் பொருள் அல்ல. மேலே இருக்கும் ரப்பர் தேய்ந்து வழுக்கினால் ரப்பரை மட்டும் மாற்றினால் போதும். விபத்தில் வளைந்தது, மேல்முனை புஷ் தேய்ந்து பெடல் பக்கவாட்டில் ஆடுவது, வெள்ளத்தில் மூழ்கி துருவேறியது போன்ற சமயங்களில்தான் முழுப் பெடலுக்கும் வேலை வரும். வளைந்த பெடலைச் சுத்தியலால் நிமிர்த்திப் போடும் பழக்கம் இருக்கிறது. கூடவே கூடாது. ஒருமுறை வளைந்து நிமிர்ந்த இரும்பு எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அது உடையும் நேரம், அதன் மேல் முழு பலத்தோடு கால் ஊன்றும் நேரமாகத்தான் இருக்கும்.

பழைய பாகங்கள் கடையில் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே மாடலாக இருந்தாலும் ஆட்டோமேட்டிக், மேனுவல் இரண்டுக்கும் பிரேக் பெடல் பெரும்பாலும் வேறு வேறு. ஆட்டோமேட்டிக் பெடல் அகலமாக இருக்கும். கிளட்ச் இருக்கும் காரில் அந்த அகலப் பெடலை மாட்டினால், அவசரத்தில் கிளட்சோடு பிரேக்கும் சேர்ந்து மிதிபடும்.

வேலை டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு செய்வது. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருப்பார்கள். அந்தப் பகுதியில் ஏர்பேக் ஒயர்கள் போவதால் இந்தக் காத்திருப்பு. பிறகு சுவிட்சின் கனெக்டரைப் பிடுங்கி, சுவிட்ச் எந்த ஆழத்தில் இருந்தது என்று குறித்துக்கொண்டு கழற்ற வேண்டும். அடுத்தது புஷ் ராடைப் பெடலோடு பிடித்திருக்கும் பின்னும், அது நழுவாமல் இருக்கப் போட்டிருக்கும் கிளிப்பும். இந்த ஒரு பின்தான் காலுக்கும் நான்கு சக்கரங்களின் பிரேக்குக்கும் நடுவே இருக்கும் ஒரே தொடர்பு. பழைய கிளிப் நன்றாகத்தான் இருக்கிறது என்று மறுபடி மாட்டக்கூடாது, புதியதுதான் போட வேண்டும். கடைசியாக மேல் போல்ட்டை உருவினால் ரிட்டர்ன் ஸ்பிரிங்கோடு பெடல் கையில் வந்துவிடும்.

மாட்டும்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. புதிய பெடல், புதிய புஷ்கள், கொஞ்சம் கிரீஸ், கையேட்டில் சொன்ன இறுக்கம், இவையெல்லாம் எந்த ஒர்க்‌ஷாப்பும் சரியாகச் செய்யும். தவறுவது மில்லிமீட்டர்களில். பெடலை விரலால் மெல்ல அழுத்தினால் எதிர்ப்பு வருவதற்கு முன் சில மில்லிமீட்டர் சும்மா நகர வேண்டும். இதற்கு ஃப்ரீ பிளே என்று பெயர். அது இல்லாமல் புஷ் ராடு நீளமாக வைக்கப்பட்டால் மாஸ்டர் சிலிண்டர் முழுதாகத் திரும்பாது. பிரேக் லேசாகப் பிடித்தபடியே இருக்கும், ஓட ஓடச் சக்கரம் சூடேறும், சூட்டில் ஆயில் விரிந்து இன்னும் இறுகப் பிடிக்கும். சுவிட்சை அளவுக்கு மேல் உள்ளே திருகி வைத்தாலும் இதே கதைதான், பெடல் முழுதாக மேலே வர அதுவே தடையாகிவிடும். வெளியே தள்ளி வைத்தால் விளக்கு அணையாது. சில கார்களில் தானே அளவெடுத்துக்கொள்ளும் சுவிட்ச் இருக்கும். குமிழை முழுதாக வெளியே இழுத்துவிட்டு, பெடல் மேல்நிலையில் இருக்கும்போது மாட்டினால் அது தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பெடலை மிதித்த நிலையில் மாட்டிவிட்டால் தப்பான அளவில் பூட்டிக்கொள்ளும். அப்புறம் இன்னொரு சுவிட்ச் வாங்க வேண்டியதுதான்.

பெடலுக்கு மேல் ஆன்லைனில் கிடைக்கும் அலுமினிய கவர் மாட்டுபவர்களும் உண்டு. பார்க்க ரேஸ் கார் மாதிரி இருக்கும். இறுக்கம் தளர்ந்து, ஈரமான ஷூ வழுக்கி, கவரோடு கால் சரியும்போது அந்த அழகுக்கு விலை தெரியும். தரை மேட்டும் அப்படித்தான். ஆக்ஸிலரேட்டரில் மேட் சிக்கும் அபாயத்துக்காக 2009-ல் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 38 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது.

வேலை முடிந்ததும் ‘பிரேக் பிடிக்குதா பாருங்க’ என்று ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதோடு விட்டுவிடுகிறார்கள். பூட்டுகளை யாரும் சோதிப்பதில்லை. திறந்த இடத்தில், முன்னும் பின்னும் ஆள் இல்லாமல், ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு இரண்டு நிமிடம் செலவழித்தால் போதும். பிரேக்கைத் தொடாமல் பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட்டர் சுற்றக்கூடாது. பிரேக்கைத் தொடாமல் லீவர் ‘பி’யை விட்டு வரக்கூடாது. பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்ஜின் அணைந்த நிலையில் ‘ஆர்’-ல் வைத்து ஸ்டார்ட் செய்தாலும் சுற்றக்கூடாது. மேனுவல் காரில் கிளட்ச் பூட்டு உண்டு என்றால், நியூட்ரலில் வைத்து கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பிப் பார்க்கலாம். இவற்றில் எது ஏமாற்றினாலும் வண்டியை வாங்கிக்கொள்ளாமல் திருப்பிக் கொடுக்கலாம்.

டிராக்டர் சொல்லும் கதை

பூட்டைத் தாண்டி ஸ்டார்ட் செய்வதன் கொடுமையான முடிவை அதிகம் பார்த்தவர்கள் விவசாயிகள். டிராக்டரில் சுவிட்ச் கெட்டால் கீழே நின்றுகொண்டே ஸ்க்ரூ டிரைவரையோ ஸ்பேனரையோ ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே வைத்து ஷார்ட் செய்வது ஊர் ஊருக்கு உண்டு. தீப்பொறி பறக்கும், இன்ஜின் பிடித்துக்கொள்ளும். சாவி, கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் என்று எதையும் அந்த மின்சாரம் கேட்டுவிட்டு வருவதில்லை. டிராக்டர் கியரில் இருந்தால், ஷார்ட் செய்தவர் நிற்கும் இடம் பெரிய பின்சக்கரத்துக்கு நேர் முன்னால். இருக்கையில் உட்கார்ந்து மட்டுமே ஸ்டார்ட் செய்ய வேண்டும், கியரில் ஸ்டார்ட் செய்தால் சாவு என்று எச்சரிக்கும் ஸ்டிக்கர் பல டிராக்டர்களின் ஸ்டார்ட்டர் பக்கத்திலேயே ஒட்டப்பட்டு வருவது இதனால்தான்.

காரில் ‘டைரக்ட்’ செய்வது இதன் நாகரிகமான வடிவம். ஒயர் டேப்புக்குள் மறைந்திருக்கும். போட்டவருக்கும் மறந்துவிடும். மூன்று வருடம் கழித்து அந்தக் காரை வாங்குபவருக்கோ, அதில் ஓட்டக் கற்றுக்கொள்ளும் மகளுக்கோ, அந்தப் பூட்டு இல்லை என்பதே தெரியாது.

பூட்டுக்கு விதிவிலக்கே தேவைப்படாது என்றும் சொல்ல முடியாது. மலைச்சரிவில் பாறைகளுக்கு நடுவே சிக்கிய வண்டியை, கிளட்சை மிதிக்காமலே செல்ஃப் அடித்து அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டிய தேவை உண்டு. அதற்காக டொயோட்டாவின் சில மேனுவல் ஆஃப்ரோடு வண்டிகளில் கிளட்ச் பூட்டைத் தற்காலிகமாக விலக்கும் பட்டனே கொடுத்திருந்தார்கள். வண்டியை அணைத்தால் பூட்டு மறுபடி வந்துவிடும் என்பதுதான் அதற்கும் டேப் சுற்றிய ஒயருக்கும் உள்ள வேறுபாடு.

பேஸ்மென்ட்டில் மாட்டிக்கொண்டவருக்கும் இப்படி ஒரு வழியை நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. பல பட்டன் ஸ்டார்ட் கார்களில், பிரேக் சுவிட்ச் கெட்டிருந்தாலும் ‘பி’யில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கை மிதித்தபடி பட்டனை 10 முதல் 15 விநாடி விடாமல் அழுத்திப் பிடித்தால் இன்ஜின் ஒருமுறை ஸ்டார்ட் ஆகும். லீவர் ‘பி’யிலேயே சிக்கிக்கொண்டால், அதன் அருகே ஒரு சின்ன மூடிக்கு அடியில் துளை இருக்கும். சாவி முனையால் அழுத்தினால் பூட்டு விலகும். எத்தனை விநாடி, துளை எங்கே என்பது மாடலுக்கு மாடல் மாறும். க்ளோவ் பாக்ஸில் பிரிக்காமல் கிடக்கும் கையேட்டில் ‘இன்ஜின் ஸ்டார்ட் ஆகாவிட்டால்’ என்ற தலைப்பின் கீழ் அது இருக்கும். ஸ்டார்ட் செய்து நேராக ஒர்க்‌ஷாப் போகும்போது பிரேக் லைட் எரியவில்லை என்றால் பின்னால் வருபவருக்குத் தெரியாது என்பதை மட்டும் நினைவில் வைத்து, இடைவெளி விட்டு மெதுவாக ஓட்ட வேண்டும். சுவிட்ச் மாற்றுவது பெரும்பாலான கார்களில் அரை மணி நேர வேலை.